நேர்காணலுக்குப் பொன்னாடை

முதுகலையில் சரித்திரம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "படிச்சி முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என் நிலைமை அதைவிட மோசம். எனக்கு ஏற்கெனவே வேலை இருந்தது. தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்து வருஷமாகக் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் எதற்குச் சரித்திரம் என்று கேட்டவர்களிடம் "ஆர்வம்" என்றேன். முப்பத்து நான்கு வயதில் ஒருத்தி ஆர்வம் என்று சொன்னால், கேட்பவர்கள் அவளை விட்டுவிட்டு அவள் கணவனைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அந்தக் கணவர் சேகர். ரவாங் ஊர்க்காரர், ஏர்கான் பழுதுபார்ப்பவர். பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வில் அவர் சரித்திரப் பாடத்தில்தான் தோற்றார் என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குத் தெரியாமல் பதினோரு வருஷம் காப்பாற்றி வைத்திருந்தேன். (எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா ரயில்வே, அப்பா அரசாங்கக் குமாஸ்தா. ஃபெயில் என்ற சொல்லை அங்கே யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள்.) ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது: நான் படித்தவள், அவர் நல்லவர். இந்த இரண்டும் வேறு வேறு சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டத்துக்கு இரண்டு வழிகள். வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, கடைசியில் ஒரு சின்னக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவது ஒன்று. முழு ஆய்வேடு எழுதுவது இன்னொன்று. முதல் பருவம் முடிவதற்குள் எந்த வழி என்று விண்ணப்பப் பாரத்தில் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

எனக்கு ஆய்வேடுதான் வேண்டும். அதற்குப் பாதிக் காரணம் திமிர். கல்யாண வீடுகளில் "ஆய்வு பண்றேன்" என்று சொல்லும்போது முதுகு தானாக நிமிரும் அல்லவா, அது. மீதிப் பாதி நிஜமான காரணம். ஒரு பழைய தோட்டத்துக் கோப்பைப் புரட்டும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருக்கும். தாய்மார்கள் விடியற்காலையில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்க, போகும்போது கைக்குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கொட்டகையைப் பார்வையிட்ட துரை, அதைப் பற்றி ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: திருப்திகரம். ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வளர்ந்த இடத்துக்கு ஒரு சொல்தானா என்று எனக்கு அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. அதன் உள்ளே என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் மேற்பார்வையாளர் டாக்டர் ரோஹானி. அதிகம் பேசாத மலாய்க்காரப் பெண்மணி. "கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். "ஒரு மணி நேரம் யாராவது மனம்விட்டுப் பேசியதைப் பதிவு செய்து கொண்டு வாருங்கள். இல்லையென்றால் பரீட்சை வழியில் போங்கள். அதில் ஒன்றும் கேவலம் இல்லை." பாரம் கொடுக்க மூன்று வாரம் இருந்தது.

கேரி தீவில் ஒரு தோட்டத்துக் கோயில் தலைவரின் முகவரி கிடைத்தது. ஒரு ஃபோன் அடித்து, "அண்ணே, ரெண்டு மூணு வயசான ஆன்டிங்ககிட்ட பேசணும்" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கடிதம் எழுதினேன். பல்கலைக்கழகச் சின்னம் போட்ட தாளில், "மேன்மை பொருந்திய தலைவர் அவர்கள் திருமுன்" என்று ஆரம்பித்து, "மூத்த பெண்மணிகளின் வாழ்வியல் அனுபவங்களைப் பதிவு செய்ய விழைகிறேன், தங்கள் மேலான ஒத்துழைப்பை நாடுகிறேன்" என்று ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

நம் நாட்டில் ஒரு கோயில் நிர்வாகத்துக்கு அப்படி ஒரு கடிதம் போனால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே மூன்று பேர் சேர்ந்தால் அது கூட்டம். நான்காவது ஆள் வந்தால் அவருக்கு வரவேற்புரை.

ஒரு வாரம் கழித்துத் தலைவர் கூப்பிட்டார். "மேடம், எல்லா ஏற்பாடும் பண்ணிட்டோம். வர்ற ஞாயிறு காலையில பத்து மணிக்கு."

"ரெண்டு மூணு பேர் இருந்தா போதும் அண்ணே."

"என்ன மேடம், ரெண்டு மூணு? நூத்தம்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியாச்சி லா!"

அந்த இடத்தில் நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. கிள்ளானுக்குப் போய்ப் புதுப் புடவை வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சேகர்தான் வேனில் அழைத்துப் போனார். கோயில் மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு என் படம் போட்ட பேனர். என் பேஸ்புக்கிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து, சேகரை வெட்டிவிட்டு அச்சடித்திருந்தார்கள். ஆனால் என் தோளில் இருந்த அவர் கையை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. யாருடையது என்று தெரியாத ஒரு கை என் தோளைப் பிடித்துக்கொண்டிருக்க, கீழே "முனைவர் தேவகி" என்று கொட்டை எழுத்து.

"அண்ணே, நான் முனைவர் இல்ல. இன்னும் எம்ஏ பாரமே குடுக்கல" என்றேன் தலைவரிடம்.

"ஆகப் போறீங்கதானே மேடம்? பேனரத் திரும்ப அடிக்க முடியாது" என்றார் அவர்.

சேகர் பேனரைச் சற்று நேரம் நிதானமாகப் பார்த்தார். "என் கை நல்லா வந்திருக்கு" என்றார்.

கடவுள் வாழ்த்து, விளக்கேற்றல், வரவேற்புரை, பிள்ளைகளின் நடனம், கோயில் வரலாறு பற்றித் தலைவரின் நாற்பது நிமிட உரை. எனக்கு மாலை. அதன் மேல் பொன்னாடை. விசிறி மட்டும் சுற்றும் அந்த மண்டபத்தில், புதுப் புடவைக்கும் பொன்னாடைக்கும் நடுவே நான் இட்டிலி மாதிரி வெந்துகொண்டிருந்தேன். நடனம் ஆரம்பிக்கும்போதே பின்கட்டிலிருந்து ஒருவர் வந்து, மாவு அரைக்கும் மெஷின் நின்றுவிட்டது, இங்கே யாருக்காவது ரிப்பேர் தெரியுமா என்று கேட்டார். சேகர் எழுந்து போன வேகத்தை வைத்துப் பார்த்தால், மெஷினை அவரே வேண்டிக்கொண்டு நிறுத்தியிருப்பார் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை.

முன் வரிசையில் எட்டு மூதாட்டிகள். எல்லாருக்கும் பட்டுப் புடவை கட்டிவிட்டு, சட்டையில் "மூத்த தொழிலாளி" என்று ஒரு பட்டையும் குத்தியிருந்தார்கள். அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பாளர் ஒரு தமிழாசிரியர், கணீர்க் குரல். "அடுத்த அங்கமாக, ஆய்வு!" என்று முழங்கினார்.

நான் நாற்பத்திரண்டு கேள்விகள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பதிவுக் கருவியை மேசை மேல் வைத்து, மைக்கில் முதல் கேள்வியைக் கேட்டேன்: "நீங்கள் எந்த வயதில் தோட்ட வேலையில் சேர்ந்தீர்கள்?"

தலைவர் தம் கையால் மைக்கைக் கொண்டுபோய், பச்சைப் புடவை கட்டிய முதல் மூதாட்டியிடம் நீட்டினார். அவர் பெயர் அஞ்சலை. மைக்கைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "பன்னெண்டு" என்றார் மெதுவாக.

"சரியான விடை!" என்றார் அறிவிப்பாளர்.

கைத்தட்டல். எட்டுப் பேருக்கும் நினைவுப் பரிசாக வாளி வாங்கி வைத்திருந்தார்கள். அதைக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்று அறிவிப்பாளருக்குத் தோன்றிவிட்டது. அஞ்சலை ஆன்டிக்கு ஒரு சிவப்பு வாளி. உள்ளே துண்டு வேறு.

அடுத்தவரிடம் அதே கேள்வி. அவர் வாளியை ஒரு பார்வை பார்த்தார். "பன்னெண்டு." மூன்றாமவர், மைக் வருவதற்கு முன்பே, "பன்னெண்டு." எட்டுப் பேரும் பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரே தோட்டம் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் வாளி கிடைத்தது. நான் புன்னகையோடு குறித்துக்கொண்டிருந்தேன். (வேறு என்ன செய்ய? மாலை போட்டிருக்கிறார்களே.)

சரி, இனி நேரே விஷயத்துக்குப் போகலாம் என்று ஆயாக் கொட்டகையைப் பற்றிக் கேட்டேன். பிள்ளைகளை அங்கே எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?

அஞ்சலை ஆன்டி வாயைத் திறந்தார். என்னவோ வரப்போகிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. மைக்கைப் பிடித்தபடி அருகில் நின்ற தலைவரை அண்ணாந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, "எல்லாம் நல்லா இருந்துச்சி. நன்றி, வணக்கம்" என்றார்.

பலத்த கைத்தட்டல். மற்ற ஏழு பேரும் அதையே சொன்னார்கள். துரை எழுதி வைத்த அதே "திருப்திகரம்" எட்டு முறை என் கருவியில் பதிவாகியிருந்தது.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போது ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை. நான் மைக்கைப் பிடித்துச் சொற்பொழிவு ஆற்றினேன். எளிய மக்களின் குரலை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற பொருளில் இருபது நிமிஷம் நான் ஒருத்தியே பேசினேன். பேசப் பேச முன் வரிசை காலியானது. எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள். அந்தத் தோட்டத்தில் எந்த விழாவானாலும் சமையல் வேலை அவர்களுடையதுதானாம். தங்களுக்கு நடக்கும் பாராட்டு விழாவுக்கும் அவர்கள்தான் காய் நறுக்க வேண்டும். அது தெரியாமல் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு பிரமுகர் மேசையில் தலைவரோடு ஒரு மணி நேரம் சாப்பாடு.

திரும்பும்போது பாலம் தாண்டும் வரை அழுதேன். "எல்லாம் போச்சி. நான் பரீட்சையே எழுதிட்டுப் போறேன். எனக்கு ஆய்வும் வேணாம், ஒன்னும் வேணாம்" என்றேன். வேன் முழுக்க வெங்காய வாடை.

சேகர் தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு, "அந்தப் பச்சப் புடவ ஆன்டி இருக்காங்களே, அஞ்சலை. அவங்க மைக்குல சொன்ன மாதிரி பன்னெண்டு வயசுல ஒன்னும் வேலைக்குப் போகல. பத்து வயசுலயே போய்ட்டாங்க" என்றார்.

நான் அழுகையை நிறுத்தினேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெஷின சரி பண்ணிட்டேன். சும்மா நிக்க ஒரு மாதிரி இருந்துச்சி, வெங்காயம் உரிச்சேன். அவங்கல்லாம் வந்து உக்காந்தாங்க. பேசிக்கிட்டு இருந்தோம்."

"என்ன கேட்டீங்க?"

"நான் என்ன கேக்கப் போறேன்? எங்கம்மாவும் ரவாங்ல பால்மரம் வெட்டுனவங்கதான்னு சொன்னேன். என்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டுப் போவாங்க, நான் மதியம் வரைக்கும் கத்துவேனாம்னு சொன்னேன். அப்புறம் அவங்களே பேச ஆரம்பிச்சிட்டாங்க."

பதினோரு வருஷம். ஒரே வீடு, ஒரே சோறு. ஆயாக் கொட்டகைக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் கோப்புக் கோப்பாகத் தேடி, தீவு வரைக்கும் போய்ப் பொன்னாடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் கிடந்து கத்திய ஒரு பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்ல லா" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. சிக்னல் போடுவதற்கு முன் கண்ணாடியைப் பார்ப்பது போல, சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

சரி, அவர்கள் கொட்டகையைப் பற்றி என்னதான் சொன்னார்கள் என்று கேட்டேன். அவர் சொல்ல மறுத்துவிட்டார். "அது என்கிட்ட சொன்னது, தேவகி. என் வீட்டுக்காரி இதத்தான் தேடிக்கிட்டு இருக்கா, அவகிட்ட சொல்லலாமான்னு கேட்டேன். 'நீ சொல்லாத தம்பி, அடுத்த ஞாயிறு அவளையே கூட்டியா, நாங்களே சொல்றோம். மாலை கீலை எதுவும் வேணாம்'னாங்க."

எங்கள் படிப்பில் நேர்காணல் நெறிமுறை என்று தனியாக ஒரு பாடம் உண்டு. எதிரே இருப்பவர் அனுமதி இல்லாமல் அவர் சொன்னதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அதில் முதல் அத்தியாயம். அந்தப் பாடத்தின் இடைத் தேர்வில் நான் ஏ வாங்கியவள். அதைப் படிக்காத மனிதர் அதன்படி நடந்துகொண்டிருந்தார். நானோ அரை மணி நேரமாக, சொல்லித் தொலையுங்களேன் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அந்த மனிதரை நான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

பாரம் கொடுக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. பரீட்சை வழிக்கான கட்டத்தில் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு, அதற்கு முந்தின ஞாயிறு மறுபடியும் தீவுக்குப் போனோம். பழைய டீ-சட்டை, கேள்வித்தாள் கிடையாது. அஞ்சலை ஆன்டியின் வீட்டுப் பின்கட்டில் நாலைந்து பேர் கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டே உரித்தேன்.

"என்னாடி இது, இப்படி உரிச்சா வெங்காயமே மிச்சம் இருக்காது" என்றார் அஞ்சலை ஆன்டி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். நான் பதிவு செய்யலாமா என்று மட்டும் கேட்டேன். செய்துகொள் என்றார்.

"பத்து மணி ஆனா நெஞ்சுல பால் கட்டிக்கும். மரத்த விட்டுட்டுக் கொட்டகைக்கு ஓடுவோம். நான் மரம் வெட்டுற காடு கிட்டக்க, நான் மொதல்ல வந்துடுவேன். எது அழுவுதோ அத எடுத்துப் பால் குடுப்பேன். யாரு புள்ளன்னு யாரு பாத்தா? பின்னால வர்றவ என் புள்ளைக்குக் குடுப்பா. கணக்கெழுதுற கிராணி வந்து கத்துறதுக்குள்ள திரும்ப மரத்துக்கு ஓடணும்."

பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்றார்.

"இதை ஏன் ஆன்டி அன்னைக்குச் சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். நாக்கு எவ்வளவு நேரம்தான் கடிபட்டுக்கொண்டிருக்கும்?

அஞ்சலை ஆன்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "எப்படிடி சொல்றது? மைக்கப் புடிச்சிக்கிட்டு நின்னானே நம்ம தலைவரு, அவங்கம்மாவுக்குப் பால் பத்தாது. ஒன்றரை வயசு வரைக்கும் எங்கிட்டதான் குடிச்சான். நூத்தம்பது பேருக்கு முன்னால அத அவன் கையாலயே மைக்கு வச்சி என்னைச் சொல்லச் சொல்றியா? பாவம்டி, தலைவரு!"

அன்றைய பதிவு ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு பதிவுகளையும் டாக்டர் ரோஹானியிடம் கொண்டுபோய்ப் போட்டேன். தமிழ் தெரியாத அவர் முதல் பதிவைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் நேர்காணலுக்குக் கை தட்டுவார்களா?" என்றார். நடந்ததைச் சொன்னதும், அந்த அமைதியான பெண்மணி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாளிக் கதையும் ஆய்வேட்டில் வர வேண்டும். மைக் முன்னால் மனிதர்கள் ஏன் 'எல்லாம் நல்லா இருந்தது' என்கிறார்கள் என்று எழுதுங்கள்" என்றார். நான் பென்சில் குறியை அழித்துவிட்டு, ஆய்வேட்டுக் கட்டத்தில் மையால் குறித்தேன்.

மூன்று வருஷத்தில் முடித்தேன். பட்டமும் வாங்கினேன். ஆய்வேட்டில் நான் தலைவரின் பெயரைப் போடவில்லை. போட்டிருக்கலாம். அஞ்சலை ஆன்டி ஒருநாள் அவரிடமே சொல்லிவிட, அவர் அடுத்த திருவிழாவில் மேடையேறி, "நான் அஞ்சலையம்மா பால் குடிச்சி வளந்தவன்" என்று நாற்பது நிமிஷம் பேசி மண்டபத்தையே அழ வைத்தாராம். அதைக் கேட்க நான் அங்கே இல்லாமல் போனேன் என்பது இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

அந்தத் தோட்டத்திலிருந்து இப்போதும் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வருஷத்துக்கு ஏழெட்டுப் பத்திரிகை வருகிறது. உறையின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள்: "திரு. சேகர் குடும்பத்தினர்." முதுகலை, ஆய்வேடு, பொன்னாடை எல்லாம் வாங்கிய நான் அதில் குடும்பத்தினர். என் பிள்ளைகள் அதை எடுத்து வந்து, "குடும்பத்தினரே, உங்களுக்குக் கடிதம்" என்று நீட்டுவார்கள். நானும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஓர் ஆவணம் என்ற வகையில் அதில் எந்தப் பிழையும் இல்லை.